ஓட்டையும் ஒட்டும்: வலை வழங்கி மென்பொருளைச் செப்பனிட்ட வரலாறு

சர்வர் என்று அன்றாட வழக்கில் சொல்லப்படும் வலை வழங்கி, எந்நேரமும் கதவு திறந்திருக்கும் ஒரு மென்பொருள். உலகின் எந்த மூலையிலிருந்து யார் கேட்டாலும் விடையளிப்பதே அதன் வேலை. அதன் ஆபத்தும் அந்த வேலையிலேயே இருக்கிறது. அயலார் உள்ளே நுழையவோ, தகவலைக் கவரவோ இடம்தரும் பிழை அந்த மென்பொருளில் இருந்தால் அதைப் பாதுகாப்பு ஓட்டை என்கிறோம். அதை அடைக்க, மென்பொருளை உருவாக்கியவர்கள் வெளியிடும் திருத்தமே ஒட்டு. ஆங்கில வழக்கில் பேட்ச்.

ஒட்டு வெளியானதும் ஓட்டை அடைபட்டுவிட்டது என்று நினைப்பது இயல்பு. ஆனால் பெருஞ்சேதம் விளைவித்த தாக்குதல்களில் பல, ஒட்டு வெளியான பிறகுதான் நடந்துள்ளன. ஒட்டு வெளியாகும் நாளுக்கும், அது ஒவ்வொரு கணினியிலும் போடப்படும் நாளுக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது. இக்கட்டுரை அந்த இடைவெளியின் வரலாற்றைச் சொல்கிறது. தமிழ்நாட்டு நிறுவனம் ஒன்றின் மென்பொருளில் 2021-ஆம் ஆண்டு வெளிப்பட்ட ஓட்டையும், ஒட்டு வெளியாகி 64 நாள்களுக்குப் பிறகு அதன் வழியே நடந்த ஊடுருவலும் இந்த வரலாற்றின் நடுவே நிற்கின்றன. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் எனப் பரந்த கொங்கு நாட்டின் ஆலைகளும் ஏற்றுமதி நிறுவனங்களும் வழங்கிகளை நம்பி இயங்கும் இக்காலத்தில், அந்த நிகழ்வு இப்பகுதிக்கும் பாடமாகிறது.

சொல்லின் பிறப்பு

முற்காலக் கணினிகளில் நிரல்கள் காகித நாடாவிலும் அட்டையிலும் துளைகளாகப் பதியப்பட்டன. தவறான இடத்தில் துளை விழுந்துவிட்டால் அதன்மேல் காகிதத் துண்டை ஒட்டி மூடினார்கள். சில வேளைகளில் நாடாவின் ஒரு பகுதியையே வெட்டி எடுத்து, திருத்திய பகுதியை அங்கே ஒட்டினார்கள். ஆகவே கணினித் துறையில் ஒட்டு என்பது முதலில் உவமையாக அன்று, உண்மையான ஒட்டாகவே இருந்தது.

நாடாவும் அட்டையும் மறைந்தன. சொல் மட்டும் நிலைத்தது. 1985-ஆம் ஆண்டு லாரி வால் என்ற அமெரிக்க நிரலாளர் பேட்ச் என்ற பெயரிலேயே ஒரு சிறு நிரலை வெளியிட்டார். பழைய நிரலுக்கும் திருத்திய நிரலுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் ஒரு கோப்பாக அனுப்பினால் போதும். பெறுபவரின் கணினியில் அந்நிரல் அதை உரிய வரிகளில் பொருத்திவிடும். முழு மென்பொருளையும் மீண்டும் அனுப்பவேண்டிய தேவை இதனால் நீங்கியது. முகமறியாத பலர் சேர்ந்து ஒரே மென்பொருளைத் திருத்தும் பழக்கம் வேரூன்ற இது பெரிதும் உதவியது.

ஒட்டுகளால் உருவான வழங்கி

வையவிரிவு வலையின் முதல் வழங்கியை டிம் பெர்னர்ஸ்-லீ சுவிட்சர்லாந்தின் செர்ன் ஆய்வகத்தில் 1990-இல் இயக்கினார். 1993-இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த என்சிஎஸ்ஏ மையத்தில் ராப் மெக்கூல் எழுதிய வழங்கி விரைவில் பரவலாகப் பயன்பட்டது. 1994-இல் அவர் அம்மையத்தை விட்டு விலகியதும் அதன் வளர்ச்சி தேங்கியது. அதை நம்பித் தளங்களை நடத்தியவர்கள், தங்களுக்குத் தோன்றிய திருத்தங்களைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள்.

1995 பிப்ரவரியில் அந்த வழங்கியின் 1.3 பதிப்பில் கடுமையான ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. அளவுக்கு மீறி நீண்ட முகவரியை அனுப்பினால், அதற்கென ஒதுக்கிய நினைவகப் பகுதியில் அடங்காமல் அது வழிந்துவிடும். படியில் கொள்ளாத தானியம் தரையில் சிந்துவதுபோல வழியும் அந்தப் பகுதியில், தாக்குபவர் தம் கட்டளைகளை வைத்து இயக்க முடிந்தது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1988 முதல் இயங்கிவந்த செர்ட் மையம், பிப்ரவரி 17-ஆம் நாள் இதுகுறித்து எச்சரிக்கை வெளியிட்டது. வலை வழங்கிக்கு ஓட்டை, எச்சரிக்கை, ஒட்டு என்ற மூன்றும் அடுத்தடுத்து வந்த தொடக்ககால நிகழ்வுகளுள் இது ஒன்று.

ஏறத்தாழ அதே நாள்களில் பிரையன் பெலண்டார்ஃப், கிளிஃப் ஸ்கோல்னிக் ஆகியோர் மின்னஞ்சல் வழியே எட்டுப் பேர் கொண்ட குழுவை ஒருங்கிணைத்தார்கள். சிதறிக் கிடந்த திருத்தங்களைத் திரட்டி, என்சிஎஸ்ஏ வழங்கியின்மீது பொருத்தி, 1995 ஏப்ரலில் புதிய வழங்கியாக வெளியிட்டார்கள். அதுவே அப்பாச்சி. அமெரிக்கப் பூர்வகுடியினரான அப்பாச்சி மக்களின் மீதான மதிப்பால் அப்பெயர் இடப்பட்டது என்பது அப்பாச்சி அறக்கட்டளை தரும் விளக்கம். ஒட்டுப்போட்ட வழங்கி எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் ஒலியும் அப்பெயரில் இருப்பது பலரும் சுட்டுவது. எவ்வாறாயினும், ஒட்டுகளைத் தொகுத்ததால் உருவான அந்த வழங்கி, 1996-இலேயே உலகில் மிகுதியாகப் பயன்படும் வலை வழங்கியாகிவிட்டது.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15-ஆம் நாள் தொடங்கியது. சென்னை அதன் முதற்கட்ட நகரங்களுள் ஒன்று. ஆக, வலை வழங்கிகளுக்கு ஒட்டுப்போடும் வரலாறும், தமிழ்நாட்டுப் பொதுமக்களின் இணைய வரலாறும் ஒரே ஆண்டில் தொடங்குகின்றன.

31-ஆம் நாள்

ஒட்டு இருந்தும் அது போடப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் 2001-இல் கண்டது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஐஐஎஸ் வழங்கியில் இருந்த ஓர் ஓட்டைக்கு அந்நிறுவனம் அவ்வாண்டு ஜூன் 18-ஆம் நாள் ஒட்டு வெளியிட்டது. ஜூலை 13-ஆம் நாளளவில் அதே ஓட்டையைப் பயன்படுத்தும் கணினிப் புழு ஒன்று தலைகாட்டியது. கோட் ரெட் எனப் பெயர்பெற்ற அதன் திருந்திய வடிவம் ஜூலை 19-ஆம் நாள் 14 மணி நேரத்துக்குள் சுமார் 359,000 கணினிகளைத் தொற்றியது. ஒட்டு வெளியாகி அன்று 31-ஆம் நாள். தொற்றிய ஒவ்வொரு கணினிக்கும் உரிய மருந்து ஒரு மாதமாகக் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, செப்டம்பர் 18-ஆம் நாள் நிம்டா என்ற புழு பரவியது. அது பயன்படுத்திய பல வழிகளுள் ஒன்றுக்கான ஒட்டு 2000 அக்டோபரிலேயே, அதாவது 11 மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது. அந்த ஓட்டையின் இயல்பைத் தெரிந்துகொள்வது பயன் தரும். இணைய முகவரியில் கோப்புறைகளைப் பிரிக்கும் சாய்கோட்டை யூனிகோடு முறையில் நேர்வழியில் எழுதாமல் சுற்றுவழியிலும் எழுத முடியும். வழங்கி முதலில் முகவரியைச் சோதித்தது. சுற்றுவழியில் எழுதிய கோடு அதன் கண்ணுக்குத் தெரியவில்லை. சோதனை முடிந்த பிறகே அந்த எழுத்தை அது விரித்துப் படித்தது. படித்தபோது அனுமதியில்லாத கோப்புறைக்குள் சென்றுவிட்டது. வாயிற்காவலர் பெயரைப் பார்த்து அனுப்ப, உள்ளே இருப்பவர் அதே பெயரை வேறு மாதிரி வாசித்ததுபோல இது. இதே வகைப் பிழை 20 ஆண்டுகள் கழித்து மீண்டும் வந்ததைப் பின்னர் காண்போம்.

ஒழுங்கும் அதன் எல்லையும்

இந்த அனுபவங்களால் ஒட்டுப்போடும் வேலைக்கு ஓர் ஒழுங்கு பிறந்தது. ஒவ்வோர் ஓட்டைக்கும் உலகம் முழுவதும் ஒரே அடையாள எண் தரும் சிவிஇ முறை 1999-இல் தொடங்கியிருந்தது. 2003 அக்டோபர் முதல் மைக்ரோசாஃப்ட் மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமையன்று ஒட்டுகளை மொத்தமாக வெளியிடத் தொடங்கியது. இந்தியாவில் செர்ட்-இன் எனப்படும் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழு 2004 ஜனவரி முதல் செயல்படுகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2008-ஆம் ஆண்டுத் திருத்தம் அதற்குச் சட்டப்படியான தேசிய அமைப்பு என்ற தகுதியைத் தந்தது. புதிய ஓட்டைகளையும் அவற்றுக்கான ஒட்டுகளையும் குறித்து அறிவுறுத்தல்கள் வெளியிடுவது அதன் முறையான பணிகளுள் ஒன்று.

ஒழுங்கு வந்தும் இடைவெளி மறையவில்லை. 2014 ஏப்ரல் 7-ஆம் நாள் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற பாதுகாப்பு நிரலகத்தில் ஹார்ட்பிளீட் ஓட்டை அறிவிக்கப்பட்டபோது, சுமார் 5 லட்சம் வலை வழங்கிகள் அதற்கு ஆளாகக்கூடிய நிலையில் இருந்தன. 2017 மார்ச் 7-ஆம் நாள் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளுக்கு ஒட்டு வெளியானது. எக்விஃபேக்ஸ் என்ற அமெரிக்கக் கடன் மதிப்பீட்டு நிறுவனம் தன் தளம் ஒன்றில் அதைப் போடவில்லை. மே 13-ஆம் நாள், ஒட்டு வெளியாகி 67 நாள்களுக்குப் பிறகு, அந்த வழியே தரவுத் திருட்டு தொடங்கியது. சுமார் 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் பறிபோயின.

ஒட்டு வெளியாவதே தாக்குபவருக்கும் செய்தி என்பதை இங்கே கவனிக்கவேண்டும். பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒப்பிட்டால் எந்த வரி மாறியது என்பது தெரியும்; மாறிய வரி ஓட்டை இருந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும். எனவே ஒட்டு வெளியான நாளிலிருந்து இரு தரப்பினரும் ஒரே குறிப்பை வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். முந்துபவர் யார் என்பதே கேள்வி.

தமிழ்நாட்டிலிருந்து ஒரு மென்பொருள்

ஶ்ரீதர் வேம்பு உள்ளிட்டோர் 1996-இல் தொடங்கிய அட்வென்ட்நெட் நிறுவனம், 2009-இல் ஜோஹோ எனப் பெயர் மாறியது. சென்னையை அடுத்த கூடுவாஞ்சேரிப் பகுதியிலும், தென்காசி மாவட்டத்தின் மத்தளம்பாறையிலும் அதன் அலுவலகங்கள் இயங்குகின்றன. மேனேஜ்எஞ்சின் என்பது நிறுவனங்களின் கணினி நிருவாகத்துக்கென அது உருவாக்கும் மென்பொருள்களின் பொதுப்பெயர்.

அவற்றுள் ஒன்று ஏடி செல்ஃப்சர்வீஸ் பிளஸ். கடவுச்சொல்லை மறந்த ஊழியர், கணினிப் பிரிவை நாடாமல் உலாவி வழியே தாமே புதுப்பித்துக்கொள்ள இது உதவுகிறது. வாங்கும் நிறுவனம் இதைத் தன் கணினியிலேயே நிறுவிக்கொள்ளும். தனக்கென ஒரு வலை வழங்கியுடனேயே இது வருகிறது. வெளியிலிருக்கும் ஊழியரும் பயன்படுத்தவேண்டும் என்பதால் பல நிறுவனங்கள் இதை இணையத்தை நோக்கித் திறந்தே வைத்திருந்தன. கடவுச்சொற்களை மாற்றும் அதிகாரம் இதன் கையில் உள்ளது. எனவே இதில் விழும் ஓட்டை ஓர் அறையின் கதவில் விழும் ஓட்டை அன்று. சாவிக்கொத்து தொங்கும் இடத்தில் விழும் ஓட்டை.

2021-இல் வெளிப்பட்ட ஓட்டைக்கு சிவிஇ-2021-40539 என்று எண் இடப்பட்டது. 10 புள்ளி அளவுகோலில் அதன் கடுமை 9.8. பிற நிரல்கள் இம்மென்பொருளோடு பேசுவதற்கென உள்ள முகவரிகளுக்கு வரும் கோரிக்கைகளை ஒரு சோதனை வடிகட்டியது. முகவரியின் நடுவே தேவையற்ற புள்ளியும் சாய்கோடும் சேர்த்து அனுப்பினால், அது பாதுகாக்கவேண்டிய முகவரி என்பதை அச்சோதனை அடையாளம் காணவில்லை. உள்ளிருந்த வழங்கியோ புள்ளியை நீக்கிச் சரியான முகவரியாகவே அதை எடுத்துக்கொண்டது. கடவுச்சொல் ஏதுமின்றி உள்ளே கோப்பை ஏற்றவும், ஏற்றியதை இயக்கவும் இதனால் வழி ஏற்பட்டது. 2000-ஆம் ஆண்டு ஐஐஎஸ் வழங்கியில் கண்ட பிழையின் உறவுமுறை இது: சோதிப்பவரும் செயல்படுத்துபவரும் ஒரே முகவரியை இருவிதமாக வாசித்தார்கள்.

ஜோஹோ நிறுவனம் செப்டம்பர் 6-ஆம் நாள் 6114 என்ற எண்ணிட்ட பதிப்பில் ஒட்டு வெளியிட்டது. செப்டம்பர் 16-ஆம் நாள் அமெரிக்காவின் எஃப்பிஐ, சிசா, கடலோரக் காவல்படையின் இணையப் பிரிவு ஆகிய மூன்றும் கூட்டாக எச்சரித்தன. ஆகஸ்டு மாதத்திலேயே இந்த ஓட்டையைச் சிலர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டதாக அந்த எச்சரிக்கை கூறியது. ஆகவே முதலில் தாக்கப்பட்டவர்களுக்கு ஒட்டு கிடைத்திருக்கவே வாய்ப்பில்லை. ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. செப்டம்பர் 22 முதல் அக்டோபர் தொடக்கம் வரை இன்னோர் அலை எழுந்ததாகவும், பாதுகாப்பு, மருத்துவம், எரிசக்தி, கல்வி, தொழில்நுட்பத் துறைகளில் குறைந்தது 9 அமைப்புகள் ஊடுருவப்பட்டதாகவும் பாலோ ஆல்ட்டோ நெட்வொர்க்ஸ் நிறுவனத்தின் ஆய்வுப்பிரிவு நவம்பரில் அறிவித்தது. அந்த அலை எழுந்தபோது ஒட்டு வெளியாகி 16 நாள்கள் ஆகியிருந்தன.

இணையத்தில் உள்ள ஜோஹோவின் மேகச் சேவைகளில் ஓட்டை தெரிந்தால், அந்நிறுவனத்தின் பொறியாளர்களே தங்கள் கணினிகளில் அதை அடைத்துவிடலாம். வாடிக்கையாளர் தம் இடத்தில் நிறுவிக்கொண்ட மென்பொருளுக்கு அப்படி முடியாது. தமிழ்நாட்டில் ஒட்டு தயாராகும். அதைப் போடவேண்டிய கை டெக்சாசிலோ ஜெனீவாவிலோ இருக்கும்.

64 நாள்கள்

ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு, போராலும் பேரிடராலும் புலம்பெயர்வாலும் பிரிந்த குடும்பங்களை மீண்டும் சேர்த்துவைக்கும் பணியைச் செய்துவருகிறது. காணாமற்போனவரின் பெயர், கடைசியாகக் கண்ட இடம், தேடுபவரின் முகவரி ஆகியவை அதன் ஏடுகளில் உள்ளன. இலங்கைப் போர்க்காலத்தில் தமிழ்க் குடும்பங்களும் நாடிய பணி இது.

2022 ஜனவரி 18-ஆம் நாள், இத்தகவல்களைத் தாங்கிய வழங்கிகளில் அயலார் நுழைந்திருப்பதை அக்குழு கண்டறிந்தது. 515,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் அவற்றில் இருந்தன. உலகெங்கும் உள்ள குறைந்தது 60 தேசியச் சங்கங்கள் திரட்டியவை அவை. தேடல் பணிக்கான கணினி அமைப்புகளை உடனே நிறுத்தவேண்டியதாயிற்று. பிரிந்த தம் பிள்ளையைத் தேடும் தாய்க்கு, ஒட்டுப் போடப்படாத ஒரு வழங்கியால் நேர்ந்த தாமதம் அது.

பிப்ரவரி 16-ஆம் நாள் செஞ்சிலுவைக் குழு நடந்ததை வெளிப்படையாக விளக்கியது. ஊடுருவியவர்கள் நுழைந்த வழி சிவிஇ-2021-40539. நுழைந்த நாள் 2021 நவம்பர் 9. ஒட்டு வெளியாகி 64 நாள்கள் கடந்திருந்தன. ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கான ஒட்டுகளைத் தங்கள் அமைப்புகளில் போடுவதாகவும், இந்த ஒன்றைத் தாக்குதலுக்கு முன் உரிய காலத்தில் போடவில்லை என்றும் அக்குழு ஒப்புக்கொண்டது. அதற்கு ஆறு நாள்களுக்கு முன்புதான், நவம்பர் 3-ஆம் நாள், நடைமுறையில் தாக்கப்பட்டுவரும் ஓட்டைகளின் பட்டியலை சிசா அமைப்பு முதன்முதலாக வெளியிட்டிருந்தது. இந்த எண்ணும் அதில் இருந்தது.

நுழைந்தவர்கள் கண்டறியப்படும்வரை கழிந்தவை 70 நாள்கள். இந்த எண்ணுக்குள் இன்னொரு பாடம் இருக்கிறது. உள்ளே நுழைந்தவர் தமக்கென ஒரு பின்கதவை அமைத்துக்கொண்டால், பிறகு போடும் ஒட்டு அவரை வெளியேற்றாது. ஓட்டை அடைபட்ட வீட்டுக்குள்ளேயே திருடர் இருப்பார். எனவே தாமதமாக ஒட்டுப் போடுபவர், அதற்கு முன் யாரேனும் வந்துபோனார்களா என்றும் பார்க்கவேண்டும்.

ஒட்டே ஓட்டையானபோது

ஒட்டுப்போடத் தயங்குவோரின் அச்சம் வெறும் சாக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. அதே 2021 செப்டம்பரில் வெளியான அப்பாச்சி வழங்கியின் 2.4.49 பதிப்பில், முகவரியைச் சீர்செய்யும் நிரல்வரிகளில் செய்த மாற்றமே புதிய ஓட்டையைத் திறந்துவிட்டது. அக்டோபர் 4-ஆம் நாள் 2.4.50 பதிப்பில் ஒட்டுப் போட்டார்கள். அது போதவில்லை என்று தெரிந்து, அக்டோபர் 7-ஆம் நாள் 2.4.51 வந்தது. முந்தைய 2.4.48 பதிப்பிலேயே நின்றவர்களுக்கு இந்த ஓட்டை இல்லை. 2024 ஜூலை 19-ஆம் நாள் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான புதுப்பிப்பு, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. இவற்றிலிருந்து கிடைக்கும் படிப்பினை, ஒட்டைத் தள்ளிப்போடவேண்டும் என்பதன்று. முதலில் ஒரு கணினியில் சோதித்து, உடனே மற்றவற்றுக்கு விரிக்கும் பழக்கம் வேண்டும் என்பதே.

ஒட்டை வழங்குபவரும் ஒட்டுக்காகக் காத்திருப்பவராக இருக்க நேரும். மேனேஜ்எஞ்சின் மென்பொருள்களில் 20-க்கும் மேற்பட்டவற்றைப் பாதித்த சிவிஇ-2022-47966 என்ற ஓட்டை இதற்குச் சான்று. அது ஜோஹோவின் பொறியாளர்கள் எழுதிய வரிகளில் பிறக்கவில்லை. அப்பாச்சி சாண்டுவாரியோ என்ற திறமூல நிரலகத்தின் மிகப் பழைய பதிப்பு அந்த மென்பொருள்களுக்குள் தங்கியிருந்ததே காரணம். 2022 அக்டோபர் முதல் ஒட்டுகள் வெளியாயின. 2023 ஜனவரியில் தாக்குதல்கள் தொடங்கின.

கொங்கு நாட்டில்

கொங்கு நாட்டில் இதன் பொருள் என்ன? கோயம்புத்தூர் 2010-இல் செம்மொழி மாநாட்டோடு தமிழ் இணைய மாநாட்டையும் நடத்திய நகரம். தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தமிழுக்கான தரமாக ஏற்றதும் அப்போதுதான். விளாங்குறிச்சியில் டைடல் பூங்கா இயங்குகிறது. எட்டிமடையிலுள்ள அமிர்தா பல்கலைக்கழகத்தில் இணையப் பாதுகாப்புக்கெனத் தனி ஆய்வு மையமும் முதுநிலைப் படிப்பும் உள்ளன. கல்விக்கும் ஆளுக்கும் இங்கே பஞ்சமில்லை.

இடர் இருப்பது தொழிலகங்களின் பக்கம். திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டு வாங்குவோரின் ஆர்டர், நூல் இருப்பு, சாயப்பட்டறைக்கு அனுப்பிய துணி, கூலிக் கணக்கு ஆகிய எல்லாம் ஒரு வழங்கியில் இருக்கும். அதை அமைத்துக்கொடுத்த ஒப்பந்தக்காரர் வேறு வேலைக்குப் போயிருப்பார். ஓட்டையைப் பற்றிய அறிவிப்பு, யாரும் திறந்துபார்க்காத மின்னஞ்சல் முகவரிக்கு வரும். யாரேனும் பார்த்தாலும், சரக்கைக் கப்பலேற்றும் நாள் நெருங்கும்போது வழங்கியை ஒரு மணி நேரம் நிறுத்த முதலாளி சம்மதிக்கமாட்டார். இதில் அறியாமையைவிட, அது யாருடைய வேலை என்ற கேள்விக்கு விடையில்லாமையே பெரிது. எக்விஃபேக்ஸுக்கும் செஞ்சிலுவைக் குழுவுக்கும் வல்லுநர்களும் பணமும் இருந்தும் அதே இடைவெளியில் விழுந்தார்கள் என்றால், ஒரே ஒரு கணினி ஊழியரை வைத்திருக்கும் சிறுதொழிலின் நிலை விளங்கும்.

வங்கித்துறையில் இக்கேள்விக்கு விதியே விடை சொல்லிவிட்டது. ரிசர்வ் வங்கி 2016 ஜூன் 2-ஆம் நாள் வெளியிட்ட இணையப் பாதுகாப்பு நெறிமுறை, ஒட்டு மேலாண்மையை அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாக வைத்தது. 1916-இல் கரூரில் தொடங்கிய கரூர் வைசியா வங்கி போன்றவையும் அதற்கு உட்பட்டவையே. எடப்பாடி கே. பழனிசாமி முதலமைச்சராக இருந்தபோது, 2020 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தன் இணையப் பாதுகாப்புக் கொள்கையை வெளியிட்டது. மாநிலத்துக்கெனத் தனி அவசரநிலைக் குழு அமைக்கவும் அது வழிசெய்தது. 2022 ஏப்ரல் 28-ஆம் நாள் செர்ட்-இன் பிறப்பித்த ஆணை, பாதுகாப்பு மீறலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும் என்றும், கணினிப் பதிவேடுகளை 180 நாள்கள் வைத்திருக்கவேண்டும் என்றும் தனியார் நிறுவனங்களுக்கும் விதித்தது. 70 நாள்கள் மறைந்திருந்த ஊடுருவலை நினைத்தால், 180 நாள் பதிவேட்டின் தேவை புரியும்.

இதற்கு ஒப்பான ஒரு வழக்கத்தை இம்மண் முன்பே அறியும். வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் பிறக்கும் நொய்யலின் நீரை, அணைக்கட்டுகளும் வாய்க்கால்களும் குளம் குளமாகக் கொண்டுசெல்கின்றன. குளங்கள் ஒன்றோடொன்று தொடர்ந்திருப்பதால் மேலுள்ள குளத்தின் கரை உடைந்தால் கீழுள்ள குளமும் தாங்காது. கட்டிக்கொடுத்தவர் வந்து பார்க்கட்டும் என்று காத்திராமல், பாசனம் பெறுபவர்களே மழைக்கு முன் கரையைச் செப்பனிட்ட முறைக்குத் தமிழகத்தில் குடிமராமத்து என்று பெயர். அவ்வழக்கம் தளர்ந்தபோது அதைக் கட்டாயமாக்க 1858-இல் சென்னை மாகாணத்தில் சட்டம் இயற்றவேண்டியிருந்தது. வழங்கிகளும் இன்று அவ்வாறே தொடர்ந்திருக்கின்றன. ஒரு நிரலகத்தின் ஓட்டை அதைப் பயன்படுத்தும் மென்பொருளுக்கு வருகிறது; அங்கிருந்து அதை நிறுவிய ஆலைக்கு வருகிறது; அங்கிருந்து அந்த ஆலையோடு கணக்குப் பகிரும் அடுத்த நிறுவனத்துக்குப் போகிறது.

குடிமராமத்தில் மூன்று செய்திகள் தெளிவாக இருந்தன: எந்தக் கரை, யார் பொறுப்பு, எந்த மழைக்கு முன். ஒரு தொழிலகத்தின் கணினி அறையிலும் இம்மூன்றையும் ஒரே தாளில் எழுதிவைக்கலாம். எந்தெந்த மென்பொருள், எந்தப் பதிப்பில் இயங்குகிறது. அதற்கு ஒட்டு வந்தால் போடவேண்டியவர் யார். எத்தனை நாளுக்குள் போடவேண்டும். பெரும் செலவு ஏதும் இதற்கு இல்லை. ஒட்டு வெளியான நாளை அதை உருவாக்கியவர் குறித்துவைக்கிறார். அது போடப்பட்ட நாள் அந்தத் தாளில் வெற்றிடமாக இருக்கும்வரை, ஓட்டை திறந்தே இருக்கிறது.